கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவது?

(பெங்களூரு தொம்மலூரில் உழைக்கும் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொம்மலூரின் சந்துகளில் விடிவதற்கு முன்பே கதவுகள் திறக்கின்றன. தெருக் கூட்டும் பெண் முதலில் கிளம்புகிறார். இந்திரா நகர் வீடுகளில் பாத்திரம் துலக்கிச் சமைத்துக் கொடுக்கும் பெண் அடுத்துக் கிளம்புகிறார். பிறகு, உள்வட்டச் சாலையை ஒட்டி நிற்கும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களில் தரை துடைக்கும் பெண். இவர்கள் அனைவரும் ஒரே கேள்வியோடுதான் வாசற்படியைத் தாண்டுகிறார்கள்: கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? பாட்டி இருந்தால் பாட்டியிடம். பாட்டியும் வேலைக்குப் போகிறவர் என்றால் எட்டு வயது அக்காளிடம். அன்றைய தினம் அந்த அக்காளின் பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு பூஜ்யம் விழுகிறது. அதற்குக் காரணம் என்ன என்று எந்தப் பதிவேடும் சொல்வதில்லை.

இது அந்தந்தக் குடும்பத்தின் சொந்தக் கவலை என்றே பல காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அப்படியல்ல. இது ஆட்சியைப் பற்றிய கேள்வி. குறிப்பாக, தெருவுக்கும் வார்டுக்கும் பொறுப்பான உள்ளாட்சியைப் பற்றிய கேள்வி.

இந்த ஊருக்கு உள்ளாட்சியும் வரியும் புதியவை அல்ல. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிப்பிடுகின்றன. சோழர் காலம் முதல் விஜயநகரக் காலம் வரை, இந்த ஊரின் வரிகள் யாருக்குப் போக வேண்டும் என்பதை அரசர்கள் கல்லில் வெட்டி வைத்தார்கள். வரி கட்டியவர்களைக் கேட்டு வெட்டவில்லை என்பது வேறு செய்தி. 1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தபோது, வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் தமிழ் உழைப்பாளிகள் வந்து குடியேறினார்கள். தண்டின் கட்டடங்களைக் கட்டியதும் அவற்றின் கழிவை அள்ளியதும் அவர்கள் கைகள். இன்று அதே வேலைகள் ஒப்பந்ததாரரின் சீருடையில் நடக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றால், குழந்தைகள் காப்பகம் பற்றி நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 50 பெண்களுக்கு மேல் உள்ள இடத்தில் வேண்டும் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன்கள் சட்டம் 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்களில் வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 50 என்ற எண்ணையே பொது அளவாக்கிவிட்டன. 30 பெண்கள் என்ற பழைய உரிமை அதில் கரைந்து போயிற்று.

எண்கள் எப்படி மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. ஒரு வீட்டில் ஒருத்தியாக வேலை செய்யும் பெண் முப்பதிலும் வருவதில்லை, ஐம்பதிலும் வருவதில்லை. வீட்டுவேலைக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை 2004இலேயே அறிவித்த மாநிலம் கர்நாடகம். ஆனால் அந்தப் பெண்ணின் குழந்தைக்கு எந்த நிறுவனமும் பொறுப்பில்லை. அவர் காலையில் இரண்டு வீடு, மாலையில் இரண்டு வீடு என்று நான்கு முதலாளிகளிடம் வேலை செய்கிறார். குழந்தை யார் கணக்கில் வரும்? நான்கு சமையலறைகளிலும் ஒரு தொட்டில் கட்ட இடமில்லை. ஆகவே அது மாநகராட்சியின் கணக்கில்தான் வர வேண்டும்.

அங்கன்வாடி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அவற்றுள் ஒன்று இந்த மாநிலத்தின் டி.நரசிபுரம். ஐம்பது ஆண்டுகளில் அது நாடு முழுவதும் பரவி, கோடிக்கணக்கான குழந்தைகளின் வயிற்றில் ஒரு வேளைச் சோற்றை உறுதி செய்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது இடதுசாரிகளின் வேலை அல்ல. ஆனால் அதன் அமைப்பைக் கவனியுங்கள். மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள்தான் மையத்துக்கு வந்து அமர்கிறார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைக்குக் கிடைப்பது வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துணவுப் பை. அந்தப் பையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதைக் காய்ச்சி ஊட்ட வேண்டிய தாய் அந்நேரம் வேறொருவர் வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்.

மையத்தின் நேரமும் அப்படியே. காலை ஆறரைக்கு வேலையில் நிற்க வேண்டியவருக்கு, அதற்கு மூன்று மணி நேரம் கழித்துத் திறக்கும் மையத்தால் பாதிப் பயன்தான். நேரத்தை நீட்டுங்கள் என்று கேட்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. நீட்டப்படும் ஒவ்வொரு மணி நேரமும் அங்கன்வாடி ஊழியர் தலையில் கூலியில்லாமல் விழக்கூடாது. ஒன்றிய அரசு அவருக்குத் தரும் மதிப்பூதியத்தின் அளவு 2018இல் மாதம் 4,500 ரூபாய் என உயர்த்தப்பட்டது; உதவியாளருக்கு 2,250. மாநிலம் தன் பங்கைக் கூட்டித் தருகிறது. அதற்காகவே 2017 மார்ச்சில் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் பெங்களூரு தெருக்களில் இரவும் பகலும் நான்கு நாள் படுத்துக் கிடக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஊழியர் என்ற சொல்லை ஏற்காமல் தொண்டர் என்றே இன்னும் அழைக்கும் ஓர் ஏற்பாட்டில், வீட்டுவேலைப் பெண்ணின் உரிமையை அங்கன்வாடிப் பெண்ணின் ஓய்வைப் பறித்துக் கொடுப்பதில் நியாயமில்லை. இரண்டாவது ஆளை நியமித்து, இரண்டு முறை வேலையாக நடத்தினால்தான் அது பொதுச் சேவை.

கர்நாடகத்தில் கடந்த சில ஆண்டுகளில் பெண்களுக்குப் பயன் கிடைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2023 ஜூன் முதல் பேருந்தில் கட்டணமில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வரத் தொடங்கியது. வாடகைக்கும் மருந்துக்கும் வட்டிக்கும் அந்தப் பணம் எவ்வளவு உதவுகிறது என்பது இங்கே அமர்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். இலவசம் என்று அதை ஏளனம் செய்கிறவர்கள், பெரு நிறுவனங்களுக்குத் தரப்படும் வரிச் சலுகைகளை இலவசம் என்று சொல்வதில்லை. எனினும் 2,000 ரூபாயைக் கொண்டு தொம்மலூரில் ஒரு குழந்தைக்கு ஒரு மாதக் காப்பகத்தை விலைக்கு வாங்க முடியாது. பணம் குடும்பத்தின் கையில் வந்து சேர்கிறது. காப்பகம் தெருவில் இருக்க வேண்டும். தெருவில் இருக்க வேண்டியதைத் தெருவின் ஆட்சிதான் கட்ட முடியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிராமத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களின் சிறு குழந்தைகளுக்காகக் கர்நாடக அரசு 4,000 கிராமப் பஞ்சாயத்துகளில் ‘கூசின மனெ’ என்ற காப்பகங்களை அறிவித்தது. நல்ல திட்டம். மாநிலத்தின் மிகப் பெரிய பணக்கார நகரத்தில், சொத்து வரி கொட்டும் வளாகங்களின் நிழலில், அதே வயதுக் குழந்தைக்கு அந்த அளவில் ஓர் ஏற்பாடு இல்லை.

உள்ளாட்சியால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்குச் சென்னை பதில் சொல்லும். பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடும் எண்ணம் முதலில் ஒன்றிய அரசின் அலுவலகத்தில் பிறக்கவில்லை. 1920இல், தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவருக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவிட்டு மதிய உணவு தரத் தீர்மானித்தது. ஆங்கில அரசு அந்தச் செலவுக்கு முட்டுக்கட்டை போட்டு, 1925 வாக்கில் அதை நிறுத்த வைத்தது. ஆயினும் விதை விழுந்துவிட்டது. 1956இல் மாநில அளவிலும், 1982இல் சத்துணவாகவும் அது வளர்ந்தது. 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய ஒரு ரூபாய் இட்லிக் கடை, 2017 ஆகஸ்டில் பெங்களூரில் ஐந்து ரூபாய்ச் சிற்றுண்டியும் பத்து ரூபாய்ச் சாப்பாடும் தரும் இந்திரா உணவகமாக வந்து நின்றது.

இன்னும் தொலைவில் போனால் வியன்னா. 1919இல் தொழிலாளர் கட்சி அந்நகர மன்றத்தைக் கைப்பற்றியது. செல்வர்களின் பெரிய வீடுகள் மீது ஏறுமுக வரி போட்டது. அந்தப் பணத்தில் 60,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. அந்தக் குடியிருப்புகளுக்குள்ளேயே குழந்தைகள் பள்ளி, பொதுச் சலவைக்கூடம், நூலகம். நகரில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், ஏழை பணக்காரர் என்று பாராமல், துணிமணிகள் கொண்ட ஒரு பெட்டி போய்ச் சேர்ந்தது. 1934இல் பீரங்கி கொண்டுதான் அந்த ஆட்சியை வீழ்த்த முடிந்தது. குடியிருப்புகள் இன்றும் நிற்கின்றன.

பெங்களூரில் இத்தகைய தீர்மானம் போட மன்றம் எங்கே? கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிந்தது. அரசியல் சட்டத்தின் 243-உ பிரிவு, ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடி என்கிறது. வார்டு எல்லை சீரமைப்பு போன்றவற்றைக் காட்டித் தேர்தலைத் தள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வு 2006இலேயே சொல்லிவிட்டது. தேர்தலை நடத்துங்கள் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது. அதே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தில் அந்த ஆணைக்குத் தடை கிடைத்தது. அதன்பின் வார்டுகளின் எண்ணிக்கை மட்டும் ஓயாமல் மாறியது: 198, 243, 225, கடைசியாக 369. ஆட்சியில் இருந்த கட்சி மாறியது. தேர்தலைத் தள்ளும் பழக்கம் மாறவில்லை. 2025 செப்டம்பர் 2 அன்று மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. ஐந்துக்கும் அதிகாரிகளே அமர்த்தப்பட்டார்கள். 198 வார்டுகளில் ஏறத்தாழப் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஒரு மன்றம் போனபின், காப்பகத்தைப் பற்றிக் கேட்கத் தொம்மலூர்ப் பெண்ணுக்கு ஒரு கவுன்சிலரின் வீட்டுக் கதவுகூட இல்லை.

தேர்தல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் மயங்க வேண்டாம். இங்கிருந்து தெற்கே சற்றுத் தொலைவில் ஈஜிபுரம். நலிந்த பிரிவினருக்கென மாநகராட்சி கட்டிய குடியிருப்பு அங்கே இருந்தது. 2013 ஜனவரியில் மண்வாரி இயந்திரங்கள் வந்து சுமார் 1,500 குடும்பங்களின் குடிசைகளை இடித்தன. நிலத்தில் பாதியளவு தனியார் வணிக வளாகத்துக்கு என்று ஒப்பந்தம். இடிக்கப்பட்டவர்களில் தமிழ் பேசும் தலித் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் ஏராளம். அன்று பெங்களூருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தது. அது இடிப்பைத் தடுக்கவில்லை. மன்றத்தில் யார் அமர்கிறார்கள், வெளியே யார் திரண்டு நிற்கிறார்கள் என்ற இரண்டும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

மன்றம் இல்லாத இந்த நாட்களிலும் கையில் ஒரு கருவி இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடிசைப் பகுதி மக்கள் கோரினால், மூன்று மாதங்களுக்குள் அங்கே அங்கன்வாடி திறக்கப்பட வேண்டும். நகரத்துக் குடிசைப் பகுதிகளில் இதை அறிந்தவர்கள் குறைவு. கைக்குழந்தைக்கான முழு நாள் காப்பகம் இதனால் மட்டும் வந்துவிடாது. ஆனால் மையமே இல்லாத இடத்தில் காப்பகத்தை எதனோடு இணைப்பது? முதலில் மையம், பிறகு அதன் நேரம், பிறகு மூன்று வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குத் தொட்டில் என்று வரிசையாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்து சந்தாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும். குழந்தையின் பெயர், வயது, தாய் வேலைக்குக் கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், இடையில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார் என்ற ஐந்து விவரங்கள் போதும். பெற்றோரின் மொழி தமிழா கன்னடமா உருதுவா என்று கேட்கத் தேவையில்லை. நாற்பது பெயர் சேர்ந்ததும் கையெழுத்திட்டு, பெண்கள் மற்றும் குழந்தைகள் வளர்ச்சித் துறை அலுவலகத்திலும் மாநகராட்சி அலுவலகத்திலும் மனுவை நேரில் கொடுக்க வேண்டும். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பக்கூடாது. மூன்று மாதக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.