நடந்த கொலையும் எழுதும் கையும்



சந்தையிலும் திருவிழாவிலும் ஒரு காலத்தில் பாடி விற்கப்பட்ட கொலைச் சிந்துகளை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. மட்டமான தாளில் அச்சிட்ட சில பக்கங்கள், அவ்வளவே. கொன்றவர் யார், மாண்டவர் யார் என்பதைச் சூழ்ந்து நின்ற கூட்டம் முன்பே அறியும். அறிந்தும் காசு கொடுத்து வாங்கியது. முடிவு தெரிந்த கதையில் அப்படி என்ன ஈர்ப்பு?

இவ்வினாவுக்கு உரைநடையில் விடை தேடியவர்களுள் தலையாயவர் அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி. 1959 நவம்பர் 15 அன்று, கான்சாஸ் மாநிலத்தின் ஹோல்கம் என்னும் சிற்றூரில் ஓர் உழவரும் மனைவியும் மகளும் மகனும் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டனர். நாளேட்டில் வந்த சிறு செய்தியைக் கண்ட கபோட்டி, தோழி ஹார்ப்பர் லீயுடன் அவ்வூருக்குச் சென்றார். அவர் எழுதிய 'இன் கோல்ட் பிளட்' 1965இல் 'நியூ யார்க்கர்' இதழில் நான்கு பகுதிகளாக வந்து, மறு ஆண்டு நூலாயிற்று.

கொலையாளிகளை அந்நூல் ஒளிப்பதில்லை. ஒருபுறம் அக்குடும்பத்தின் கடைசிப் பகல். மகள் அண்டைவீட்டுச் சிறுமிக்குச் செர்ரிப் பழப் பண்டம் செய்யக் கற்றுத் தருகிறாள். மறுபுறம் நெடுஞ்சாலையில் நெருங்கி வரும் கார். கொலை நிகழும் வேளையை மட்டும் ஆசிரியர் தாண்டிவிடுகிறார். நூலின் பாதிக்குப் பின், ஒப்புதல் வாக்குமூலத்தில்தான் அது வெளிப்படுகிறது. பெட்டகம் நிறையப் பணம் என்று சிறையில் கேட்ட பேச்சை நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது ஐம்பது டாலருக்கும் குறைவு! 'யார்' என்ற வினா தீர்ந்த பின்னும் 'ஏன்' என்பது தீராமல் நிற்கிறது. வாசகரைப் பிடித்து வைப்பது அதுவே.

ஆயினும் இவ்வகை எழுத்தில் ஓர் இடர் உண்டு. மாண்டவர் பேசார், கொன்றவர் சிறையிலிருந்து பேசுவார், கடிதமும் எழுதுவார். கபோட்டியின் பரிவு கொலையாளி ஒருவன்பால் சாய்ந்ததை நூல் மறைக்கவில்லை. மாண்ட தாயை அவர் தீட்டிய விதத்தை எஞ்சிய குடும்பத்தார் ஏற்கவில்லை. கையறுநிலை பாடிய மரபில் வந்த நமக்கு இவ்விடம் உறுத்தவே செய்யும். மேலும், தண்டனை நிறைவேறாமல் நூலை முடிக்க வழியில்லை. ஆகவே, தம்மிடம் மனம் திறந்து பேசியோரின் தூக்குக்காகவே எழுத்தாளர் காத்திருக்க நேர்ந்தது. 1965 ஏப்ரல் 14 அன்று அது நிறைவேறியது.

எல்லாம் உண்மை என்று முழங்கிய அந்நூலின் கடைசிக் காட்சி இடுகாட்டில் நிகழ்கிறது. துப்பறிந்த அதிகாரி, மாண்ட மகளின் தோழியைத் தற்செயலாகச் சந்திக்கிறார். கோதுமை வயலில் காற்று வீசுகிறது. அழகான காட்சிதான். ஆனால் அப்படியொரு சந்திப்பு நடக்கவேயில்லை என்று அந்த அதிகாரியே பின்னாளில் கூறிவிட்டார். அதை நீக்கினால் நூல் சிறைக் கிடங்கில், தூக்குமரத்தின் அடியில் முடிந்திருக்கும்.