கபன் கேட்டு வந்த தாய்

(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



நமது கிழக்குக் கரையின் பேச்சில் 'கொள்ளையில போவான்' என்றொரு வசை உண்டு. 'கோதாரி' என்பது இன்னொன்று. ஏசுகின்ற வாய்க்கு அவை வெறும் கோபச் சொற்கள். ஆனால் கொள்ளை என்பது ஊரையே வாரிக்கொண்டு போன நோய். கோதாரி என்பது வாந்திபேதி. ஒரு காலத்துப் பேரச்சம் வசையாகச் சுருங்கி நம் நாவில் தங்கிவிட்டது. அச்சொற்களுக்குள் புதைந்து கிடக்கும் மனிதர்களை மீட்டெடுப்பதே வரலாற்று நாவலாசிரியனின் பணி என்பது எனது எண்ணம். இதற்கு உதாரணமாகப் பதினான்காம் நூற்றாண்டு மதுரையை நோக்குவோம்.

மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். பாவா ஆதம் மலையில் ஏறினார். பின்னர் கடல் கடந்து மஃபர் என்று அரபிகள் அழைத்த தமிழகக் கரையை அடைந்தார். மதுரையைத் தலைநகராகக் கொண்டு அப்போது ஆண்டவர் கியாதுத்தீன் தாமகானி. மதுரையின் முதல் சுல்தான் அஹ்ஸன் ஷாவின் புத்திரிகளை மணந்த வகையில் இருவரும் சகலர்கள்.

இப்னு பதூதா மதுரைக்குள் நுழைந்தபோது அங்கே கொள்ளை நோய். பிடித்தவர் மறுநாளோ, மூன்றாம் நாளோ, மிஞ்சினால் நான்காம் நாளோ மரணம். வெளியில் இறங்கினால் நோயாளியையும் மையத்தையும் தவிர வேறெவரையும் காணவில்லை என்கிறார். நோயற்றவள் என்ற உறுதியின் பேரில் அவர் வாங்கிய அடிமைப் பெண் அடுத்த நாளே இறந்தாள். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் நோயில் விழுந்தனர்.

அரண்மனைச் செய்தியை எந்த வரலாற்றாசிரியரும் எழுதி வைப்பார். இப்னு பதூதா இன்னும் இரண்டு காட்சிகளைத் தருகிறார். ஒன்று, சுல்தானுக்கல்லாத மற்றவர்களின் சாப்பாட்டுக்காக நெல் குற்றக் கொண்டுவரப்பட்ட நூற்றுக்கணக்கான பணிப்பெண்கள். நோய் கண்ட அவர்கள் வெயிலில் நிலத்தில் விழுந்து கிடந்தார்கள். மற்றது, முன்னாள் வஸீர் ஒருவரின் மனைவி. எட்டு வயது மகனுடன் வந்து தன் வறுமையைச் சொன்னாள். செலவுக்குக் கொடுத்து அனுப்பினார். அப்போது தாயும் பிள்ளையும் நல்ல சுகத்தோடுதான் இருந்தார்கள். மறுநாள் அவள் திரும்பவும் வந்தாள், மகனுக்குக் கபன் கேட்டு.

இவ்வளவுதான். அந்தத் தாயின் பெயர் இல்லை. அப்புறம் அவள் என்னவானாள் என்பதும் இல்லை. வரலாறு கதவைச் சாத்துகின்ற இந்த இடத்தில்தான் நாவல் கதவைத் திறக்க வேண்டும்.

நமது சரித்திர நாவல்கள் பெரும்பாலும் அரண்மனை வாசலிலும் குதிரையின் முதுகிலும் தொடங்குபவை. மதுரையின் நாவலை அந்த உரலடியில் தொடங்கினால் என்ன? பிறர் பசிக்கு நெல் குற்றியவள் எந்த ஊரிலிருந்து கொண்டுவரப்பட்டாள், அவள் கை ஓய்ந்ததும் யார் பட்டினி கிடந்தார்கள் என்று கேட்டால் என்ன? நோய்க்குள்ளே பஞ்சம் எப்படி நுழைகிறது என்பது அப்போது தெரியும்.

இதே பயணி சில ஆண்டுகளுக்கு முன் தில்லியில் பஞ்சத்தையும் கண்டவர். அங்கே முகம்மது பின் துக்ளக் மக்களுக்கு ஆறு மாதத் தானியம் கொடுக்க உத்தரவிட்டார். காழிமார் தெருத் தெருவாகப் பெயர்களைப் பதிந்தார்கள். பெயர் பதியப்பட்டவருக்குப் பங்கு கிடைத்தது. மதுரையின் உரலடிப் பெண்களுக்கு அப்படியொரு பதிவேடு இல்லை.

இத்தகைய முயற்சிக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. இத்தாலியரான மன்ஸோனி 1827இல் வெளியிட்ட நாவலில், மிலான் நகரின் பஞ்சமும் 1630ஆம் ஆண்டுக் கொள்ளை நோயும் வருகின்றன. அதில் ஒரு தாய், இறந்த மகளுக்கு வெள்ளாடை உடுத்தித் தன் கையாலேயே பிண வண்டியில் கிடத்துகிறாள். அக்காலத்துக் கர்தினால் ஒருவர் எழுதி வைத்த சில வரிகளிலிருந்து பிறந்த காட்சி அது. மிலானில் மாண்டவர் தொகையை மறந்தவர்களும் அந்தத் தாயை மறப்பதில்லை.

இவ்விடத்தில் எழுத்தாளனுக்கு ஒரு நேர்மை தேவை. தாமகானி சிறைப்பட்டவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்றும் பாராமல் கொன்ற கொடுமையை இப்னு பதூதாவே அருவருப்புடன் பதிவு செய்திருக்கிறார். சுல்தான் சகலராயிற்றே என்று மூடி மறைக்கவில்லை. மதுரை சுல்தான்களைப் பற்றி எழுதப்போகும் நம்மவரும் மறைக்கக்கூடாது.

உயிர் தப்புதலையும் வீரதீரமாக்க வேண்டியதில்லை. இப்னு பதூதாவுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. இதுதான் முடிவு என்று நினைத்தார். பழப்புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போயிற்று. அல்லாஹ் சுகமளித்தான் என்கிறார். நமது குசினியில் இருக்கும் அதே பழப்புளிதான்.

நேயர்களே, இது எங்கோ நடந்த பழங்கதையல்ல. 2020இல் கொரோனாவில் இறந்தோரை எரித்தே ஆக வேண்டும் என்று நமது நாட்டில் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து இருபது நாளேயான பாலகனின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டபோது, பொரளை மயானத்து வாயிலில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. அதன் பின்னர் ஜனாஸாக்கள் ஓட்டமாவடிக்குக் கொண்டுவரப்பட்டன. மதுரையில் கபன் கேட்டு நின்ற தாயின் மனத்தை அறிய, இந்த மண்ணின் எழுத்தாளனுக்கு அகராதி தேவையில்லை.

2004 டிசம்பர் 26இல் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடல் கொண்டுபோனவர்களைத் தொகையாக எண்ணியாயிற்று. அவர்களையும் கொரோனாக் காலத்துத் தாய்மாரையும் ஒவ்வொருவராக எழுதும் கடமை இன்னும் இருக்கிறது. இளம் எழுத்தாளர்கள் முதலில் தங்கள் வீட்டு மூத்தம்மாமாரிடம் கேட்கட்டும். யார் யார் போனார்கள், மிஞ்சியவர்கள் எதைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள், கபன் துணி எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதி வைக்கட்டும். நாவல் பிறகு வரட்டும்.