செல்மா நெடுஞ்சாலை



அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் செல்மா நகரையும் தலைநகர் மாண்ட்கோமரியையும் இணைப்பது, 1926இல் 80 என்னும் எண் பெற்ற நெடுஞ்சாலை. இடையே கிடப்பது லவுண்ட்ஸ் என்னும் நாட்டுப்புற மாவட்டம். 1965 தொடங்கியபோது அங்குப் பெரும்பான்மையர் கறுப்பின மக்களே; வாக்காளர் பட்டியலிலோ அவர்களுள் ஒருவர் பெயரும் இல்லை.

மார்ச்சு 7இல் செல்மா பாலத்தில் தடியடிபட்டோர், 21இல் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் மீண்டும் புறப்பட்டனர். 54 மைல் நடந்து 25இல் தலைநகர் சேர்ந்தனர். ஆகஸ்டு 6இல் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது.

வாக்காளராய்ப் பதிந்த குத்தகை உழவர்களை நிலக்கிழார்கள் வெளியேற்றினர். போக்கிடமற்ற குடும்பங்கள் அச்சாலையோரத்திலேயே கூடாரமடித்து, துப்பாக்கிச் சூட்டுக்கும் அஞ்சாது தங்கின.

நடந்தோரைப் போற்றுவோம், நிலைத்து நின்றோரையும் மறவோம். பெற்ற உரிமையைக் காக்கும் துணிவையும் நம் பிள்ளைகளுக்குக் கல்வி தருவதாகுக!