பங்கும் ஓட்டும்

(மயிலாப்பூரில் நடந்த மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பெண்களும் சட்டமும் தேச அரசியலும் என்பதாக எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் வக்கீல் அல்ல. சட்டசபை மெம்பரும் அல்ல. ஒரு தங்கைக்கு அண்ணன். அந்த யோக்கியதையைக் கொண்டுதான் பேச வந்திருக்கிறேன். அது எப்பேர்ப்பட்ட யோக்கியதை என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

இங்கிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அடையாறு. அந்த அடையாற்றில்தான் 1917இல் இந்திய மாதர் சங்கம் ஏற்பட்டது. அதே வருஷ டிசம்பரில் மாண்டேகு துரை சென்னைக்கு வந்தபோது பெண்கள் கூட்டமாகப் போய் அவரைக் கண்டு, ஓட்டுரிமையில் எங்களை விலக்கிவிடாதீர்கள் என்று கேட்டார்கள். 1921இல் சென்னைச் சட்டசபை, மாகாணங்களிலேயே முதலாவதாக, பெண் என்ற காரணத்தால் ஓட்டு இல்லை என்கிற தடையை எடுத்துவிட்டது. கேட்பதற்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டு யாருக்கு? சொத்து உள்ளவருக்கு, வரி கட்டுகிறவருக்கு. பெண்ணுக்கு ஏது சொத்து? தகப்பன் வீட்டில் அண்ணன் தம்பிக்கு. புகுந்த வீட்டில் புருஷனுக்கு. ஆகவே ஓட்டுக் கொடுத்தும் வெகு சில பெண்கள் தவிர மற்றவர்கள் வெளியேதான் நின்றார்கள். வீட்டில் பங்கு இல்லாதவளுக்கு நாட்டிலும் பங்கு இல்லை என்பது அன்றைக்கே வெட்ட வெளிச்சமாகிவிட்டது.

சரி, தேசத் தலைவர்கள் என்ன செய்தார்கள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் அந்தச் சட்டசபையின் உதவித் தலைவராய் இருந்தவர். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டபோது, காங்கிரசின் பெரிய பேச்சாளரான சத்தியமூர்த்தி அவர்களே அதை எதிர்த்தார். 1930இல் காந்தியார் கைதானவுடன் அந்த அம்மாள் தம் ஸ்தானத்தையே ராஜினாமாச் செய்தார். தேசத்துக்காக அவர் தம் நாற்காலியை விட்டார். தேசம் அவர் மசோதாவுக்கு என்ன செய்தது? பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. 1930இல் ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்ட ஒரு குழந்தைக்கு அப்போது இருபத்து நாலு வயது. அதற்கப்புறம் வந்த சட்டம் அவளுக்கு எதற்கு? இந்த மயிலாப்பூர்க் கோயில் தெருக்களைக் கேட்டால் அவை பதில் சொல்லும்.

“முதலில் நாடு, பெண்கள் விஷயம் பிறகு” என்பதுதான் எப்போதும் கிடைத்த பதில். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாநாட்டில், ஆணுக்குள்ள சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானித்தோம். சிரித்தார்கள். டில்லியில் இந்துச் சட்ட மசோதாவை இழுத்தடித்துக் கைவிட்டதனால் 1951இல் டாக்டர் அம்பேத்கர் மந்திரி பதவியை விட்டு வெளியேறினார். 1956இல் வாரிசுச் சட்டம் வந்தது. அதிலும் 23வது பிரிவு என்று ஒன்றை வைத்தார்கள். அதன் சங்கதி என் வீட்டுக்கதையில் வருகிறது.

என் தகப்பனார் தியாகராய நகரில் ஒரு சந்தில் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டினார். 1996இல் உயில் எழுதாமல் காலமானார். தாயார், அண்ணன், நான், தங்கை. நாலு பேருக்கும் சட்டப்படி சமபங்கு. ஆனால் 23வது பிரிவு என்ன சொல்லிற்று? குடியிருக்கும் வீடானால், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளச் சம்மதிக்கும் வரையில் பெண் வாரிசு பாகம் கேட்கக்கூடாது. பங்கு உண்டாம், ஆனால் அண்ணன்மார் மனசு வைக்கும்போதுதானாம்! அந்த அண்ணன்மாரில் நானும் ஒருவன். அந்த வருஷங்களில் மேடை மேடையாகப் பெண்ணுரிமை பேசிக்கொண்டிருந்தவன்.

மறு வருஷம் தங்கையிடம் விடுதலைப் பத்திரம் வாங்கினோம். “கல்யாணத்துக்கு நகை போட்டோம், சீர் செய்தோம்” என்றார் அண்ணன். “நாளைக்குப் பிறந்த வீடு என்று வந்து நிற்க ஒரு வாசல் வேண்டாமாடி?” என்றாள் தாயார். நான் ஒன்றும் பேசவில்லை. “எங்கே போடணும்ணே?” என்று மட்டும் தங்கை என்னைக் கேட்டாள். நான் விரலால் தொட்டுக் காட்டினேன். யாருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இல்லாமல் மனப்பூர்வமாக எழுதிக் கொடுப்பதாக அந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது. இன்னமும் என் பீரோவில்தான் இருக்கிறது.

பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989இல், கலைஞர் ஆட்சியில், சட்டம் செய்தார்கள். செங்கல்பட்டுத் தீர்மானத்திலிருந்து அறுபது வருஷம்! அதிலும் 1989 மார்ச் 25க்கு முந்திக் கல்யாணம் ஆனவளுக்கு இல்லை. ஒரு நாள் முந்தித் தாலி ஏறியவள் மகள் இல்லையா? அந்தப் பேதமும், 23வது பிரிவும் 2005இல்தான் டில்லிச் சட்டத்தால் போயின. ஆனால் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவளை எந்தத் திருத்தம் காப்பாற்றும்?

இந்த “பிறகு” டில்லியையும் விடவில்லை. பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற மசோதா முதலில் 1996இல் வந்தது. 2023இல் நிறைவேற்றினார்கள். அதிலும், ஜனத்தொகைக் கணக்கு எடுத்து, தொகுதிகளை வரையறுத்த பிறகே அமுலுக்கு வரும் என்று எழுதி வைத்தார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளிலும் மாநகராட்சிகளிலும் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் செய்தபோது இந்தக் கணக்கெல்லாம் குறுக்கே நின்றதா? 23வது பிரிவை எழுதிய கையும் இதை எழுதிய கையும் ஒரே ஜாதிக் கை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டை இடித்துப் பிளாட்டுகள் கட்டி வெகு நாளாகிறது. என் பாகத்துக்கு இரண்டு வந்தன. தங்கை அடையாற்றில் வாடகைக்கு இருக்கிறாள். மாதா மாதம் வீட்டுக்காரருக்குப் பயப்படுகிறாள். இரண்டில் ஒன்றை அவள் பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதத் தீர்மானித்து, பத்திர எழுத்தரிடம் நகலும் வாங்கிவிட்டேன். என் மகன், “சட்டப்படி அத்தைக்கு ஒன்றும் இல்லையே அப்பா?” என்கிறான். அவனுக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே!

இங்கே எத்தனை பேர் வீட்டுப் பீரோவில் இம்மாதிரிப் பத்திரம் இருக்கிறது? கை தூக்கச் சொல்லவில்லை. இன்று இரவு எடுத்து ஒரு தரம் படித்துப் பாருங்கள்.

அக்கிராசனர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நிகழ்ச்சி நிரலில் ஆண்கள் மூன்று பேர் பேசி முடித்த பிறகு ஒரு தோழியர் பேசுவார் என்று அச்சடித்திருக்கிறது. மூன்றாவது ஆளை எனக்குத் தெரியும், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தோழியரையே இப்போது அழைக்கும்படி அக்கிராசனரைக் கேட்டுக்கொண்டு உட்காருகிறேன்.