தாளில் பெயர் இல்லை

கட்டடக்கலை மாணவர் ஒருவர் ஐந்து ஆண்டுகளில் சந்திக்கும் ஜூரிகளுக்குக் கணக்கில்லை. சுவரில் ஷீட்டுகளை ஒட்டி, மாதிரியை மேசையில் வைத்துவிட்டு, அருகிலேயே நின்று விளக்கம் சொல்ல அங்கே வழி உண்டு. வரைபடத்தில் விட்டுப்போனதை வாயால் நிரப்பலாம். விடை தெரியாமல் விழித்தால் முகத்தைப் பார்த்தாவது ஆசிரியர்கள் கொஞ்சம் இரங்குவார்கள். பன்னாட்டு வடிவமைப்புப் போட்டியில் இந்த வசதி இல்லை. வரைந்தவர் ஒரு கண்டத்தில் இருப்பார்; தாள் வேறொரு கண்டத்தில் தொங்கும். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். பட்டம் பெற்று வெளியே போகும் கட்டடக்கலைஞரின் வேலையைப் போட்டிகளில் இப்படித்தான் எடைபோடுவார்கள். ஆகவே அத்தகைய போட்டிகளில் தீர்ப்பு எப்படிப் பிறக்கிறது என்பது பட்டமளிப்பு நாளில் பேசத் தகுந்த பொருள்.

மாணவர் படைப்புகளைப் போட்டிவைத்துத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு உருக்கொடுத்தது பிரான்ஸ். அங்கே கட்டடக்கலைக்கான 'பிரி த ரோம்' பரிசு 1720இல் தொடங்கி, 1968 மாணவர் கிளர்ச்சியோடு முடிந்தது. வென்றவர் அரசுச் செலவில் ரோமில் தங்கிப் பழைய கட்டடங்களைப் பயிலலாம். போட்டியாளர்களைத் தனித்தனிச் சிற்றறைகளில் அமர்த்தி, தலைப்பைத் தந்ததும் முதலில் ஓர் எண்ண வரைவை வாங்கிக்கொள்வார்கள். பிறகு மாதக்கணக்கில் விரித்து வரையும் இறுதிப் படைப்பு அந்த முதல் வரைவை ஒட்டியே இருக்க வேண்டும். விலகினால் நீக்கம். யோசனை மாணவருடையதா, ஆசிரியருடையதா என்ற ஐயத்துக்கு இடம் வைக்காத ஏற்பாடு அது. பாரிஸின் எக்கோல் தே போஸார் பள்ளியில் கெடு நாளன்று வரைபடங்களைச் சேகரிக்க 'ஷாரெத்' என்ற கைவண்டி வரும். ஓடுகிற வண்டியிலும் சிலர் வரைந்துகொண்டே போனதாகக் கதை உண்டு. கெடு நெருங்கும்போது ஊண் உறக்கமின்றி வேலை செய்வதற்கு உலகெங்கும் கட்டடக்கலைஞர்கள் இன்றும் சொல்லும் பெயர் அந்த வண்டியின் பெயர்தான்.

பல நாட்டவர் பங்கேற்கும் போட்டிகளுக்கு ஒரே ஒழுங்கு பின்னால்தான் வந்தது. 1948இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பன்னாட்டுக் கட்டடக்கலைஞர் ஒன்றியம் உருவானது. யுனெஸ்கோ 1956இல் பன்னாட்டுப் போட்டிகளுக்கான விதிகளை ஏற்று, 1978இல் அவற்றைத் திருத்தியது. விதிகளின் சாரம் எளியது. படைப்புகள் பெயரின்றி வர வேண்டும். நடுவர்கள் பல நாட்டவராக, ஒற்றைப்படை எண்ணிக்கையில், ஏழு பேருக்கு மிகாமல் இருக்க வேண்டும். அவர்களில் பெரும்பான்மையோர் யாருக்கும் கட்டுப்படாத, தொழில் தகுதி உடையவர்களாக இருக்க வேண்டும். தீர்ப்புக்கான காரணங்கள் அறிக்கையாக வெளிவர வேண்டும்.

இந்த விதிகளில் முதன்மையானது பெயர் மறைப்பு. அதன் கண்டிப்பைச் சாரினென் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்று காட்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நினைவுச்சின்னம் எழுப்ப 1947இல் தொடங்கிய போட்டிக்கு 172 படைப்புகள் வந்தன. பின்லாந்திலிருந்து குடியேறிய எலியேல் சாரினெனும் அவர் மகன் ஈரோவும் தனித்தனியே கலந்துகொண்டார்கள். முதல் சுற்றில் தேறிய ஐவரில் ஒருவர் என்று தந்தை பெயருக்குத் தந்தி வந்தது. குடும்பமே கூடிக் கொண்டாடியது. சில மணி நேரத்தில் திருத்தம் வந்தது: தேறியவர் மகன். தந்தி அனுப்பிய அலுவலகம் பெயர்களில் குழம்பினாலும் நடுவர்கள் குழம்பவில்லை. அவர்கள் முன்னால் பெயரே இல்லை. 1948இல் இறுதி வெற்றியும் மகனுக்கே கிடைத்தது. 630 அடி உயரமுள்ள அந்த எஃகு வளைவு 1965இல் எழுந்து நின்றது.

பட்டதாரிகளுக்கான போட்டிகள் இவற்றிலிருந்து ஒரு வகையில் வேறுபடும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்த ஆர்ச்சிபிரிக்ஸ், 2001 முதல் பன்னாட்டு அளவில் ஈராண்டுக்கு ஒருமுறை நடந்துவந்தது. ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவரின் சிறந்த இறுதியாண்டுத் திட்டம் ஒன்றை அனுப்பலாம். 2017இல் அது அகமதாபாத்துக்கு வந்தது. பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவனம் 1836 முதல் வழங்கும் பதக்க மரபிலிருந்து வளர்ந்த மாணவர் பதக்கங்களுக்கும் பல நாட்டுக் கல்லூரிகள் படைப்புகளை அனுப்புகின்றன. செயின்ட் லூயிஸில் எல்லாரும் ஒரே மனைக்கு, ஒரே தேவைக்கு வரைந்தார்கள். பட்டதாரிகளின் திட்டங்களிலோ கேள்வியையும் அவர்களே தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஒருவர் மீன்பிடித் துறைமுகத்தையும், இன்னொருவர் இடுகாட்டையும், மற்றொருவர் கைவிட்ட ஆலையையும் எடுத்திருப்பார். இவற்றை ஒரே தராசில் நிறுக்க முடியாது. ஆகவே நடுவர்கள் இரண்டைப் பார்க்கிறார்கள்: எடுத்துக்கொண்ட கேள்வி கேட்கத் தகுந்ததா, தந்த விடை அந்தக் கேள்விக்குரியதுதானா.

இங்கே தூரம் ஒரு சிக்கல். வடகிழக்குப் பருவமழையை அறியாத நடுவருக்கு, ஒரு கூரை ஏன் அவ்வளவு தூரம் வெளியே நீண்டிருக்கிறது என்பது புரியாது. சித்திரை வெயிலில் நின்று பார்க்காதவருக்கு முற்றத்தின் அருமை தெரியாது. கூடவே நின்று சொல்ல ஆள் இல்லாததால் வெயிலின் கோணம், காற்றின் திசை, மழைநீர் போகும் வழி, தெருவில் நடப்பவரின் பழக்கம் எல்லாம் வெட்டுத்தோற்றத்திலும் தளவரைபடத்திலும் தெரிய வேண்டும். உள்ளூர்க்காரருக்குத் தெரிந்ததுதானே என்று விட்டுவிடும் செய்தியே பன்னாட்டுத் தாளில் முதலில் இடம்பெற வேண்டியது.

நடுவர் குழு கூடும் முன் தொழில்நுட்பக் குழு ஒன்று படைப்புகளைச் சரிபார்க்கும். கேட்ட தாள்கள் வந்தனவா, அளவுகோல் சரியா, பரப்பளவு வரம்புக்குள் அடங்குகிறதா என்று அது குறிப்பு எழுதும். தரம்பற்றி வாய் திறக்காது. பிறகு நடுவர்கள் எல்லாவற்றையும் சுற்றிப் பார்ப்பார்கள். பெரிய போட்டியானால் முதல் சுற்றில் ஒரு படைப்புக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அந்தப் பார்வையில் அகப்படுவது திட்டத்தின் தலையாய எண்ணம் மட்டுமே. அடுத்தடுத்த சுற்றுகளில்தான் தூண்களின் இடைவெளியும் படிக்கட்டின் இடமும் பேச்சுக்கு வரும். கணினி தீட்டிய அந்திவானமும் பறவைக் கூட்டமும் முதல் சுற்றில் கண்ணை இழுக்கலாம். கடைசிச் சுற்றில் நிற்பது தளவரைபடமும் வெட்டுத்தோற்றமும்தான்.

வாஷிங்டனில் வியட்நாம் போர் வீரர்களுக்கு நினைவுச்சின்னம் அமைக்க 1981இல் நடந்த போட்டி அமெரிக்கர்களுக்கு மட்டுமானது. ஆனாலும் பட்டதாரிகள் அறிய வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. வந்த 1,421 படைப்புகளையும் ஒரு விமானத் தளத்தின் பெரிய கொட்டகையில் வரிசையாக வைத்தார்கள். எட்டு நடுவர்கள் அவற்றை முதலில் 232ஆகவும், பிறகு 39ஆகவும் குறைத்தார்கள். தேர்ந்தெடுத்தது 1026ஆம் எண். உறையைப் பிரித்தபோது வெளிவந்த பெயர் மாயா லின். யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலை இறுதியாண்டு மாணவி, வயது 21. அவர் அனுப்பியவை மென்மையான சில வண்ணச் சித்திரங்களும், அந்த இடத்தில் நடந்துபோகும் ஒருவருக்கு என்ன நேரும் என்று சொல்லும் ஒரு குறிப்பும். நிலத்தை வெட்டி இறங்கும் இரண்டு கருங்கல் சுவர்கள், இறந்த வரிசைப்படி பெயர்கள், அவ்வளவே திட்டம். பார்ப்பவர் முகம் பெயர்களின்மேல் விழும்படி பளபளக்கும் கல் இந்தியாவின் பெங்களூரிலிருந்து போனது. பெயரோடு நடந்திருந்தால், புகழ்பெற்ற அலுவலகங்களைத் தாண்டி ஒரு மாணவியின் தாளை எடுக்க எத்தனை பேருக்குத் துணிவு வந்திருக்கும்?

தீர்ப்புக்குத் துணிவு தேவைப்பட்ட இன்னொரு போட்டி சிட்னி ஓபரா மாளிகைக்கானது. 233 படைப்புகளிலிருந்து 1957 ஜனவரியில் வென்றவர் டென்மார்க்கின் யோர்ன் ஊட்சன். அந்த நடுவர் குழுவில் ஈரோ சாரினெனும் இருந்தார். ஒதுக்கிய அடுக்கிலிருந்து அவரே அந்தப் படைப்பை மீட்டெடுத்தார் என்ற கதை பரவலாக உண்டு. அதை மறுப்பவர்களும் உண்டு. ஊட்சனின் வரைபடங்கள் வெறும் எண்ணக்கோடுகளாகவே இருந்தன என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. கூரைச் சிப்பிகளை எப்படிக் கட்டுவது என்பதற்கு, அவை எல்லாமே ஒரே கோளத்தின் துண்டுகளாகட்டும் என்ற விடை பல ஆண்டுகளுக்குப் பின்பே கிடைத்தது. 70 லட்சம் டாலர் என்ற மதிப்பீடு 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. ஊட்சன் 1966இல் விலகினார். 1973இல் திறந்த கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவே இல்லை. 2007இல் அது உலக மரபுச் சின்னமானது. நடுவர்கள் எண்ணத்தைச் சரியாகவும் செலவைத் தவறாகவும் கணித்தார்கள். இரண்டும் ஒரே தீர்ப்பில் இருந்தன.

முற்றிலும் சறுக்கிய தீர்ப்புகளும் உண்டு. ஜெனீவாவில் உலக நாடுகள் சங்கத்தின் மாளிகைக்கு 1927இல் 377 படைப்புகள் வந்தன. நடுவர்களால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாமல் ஒன்பது முதல் பரிசுகள் கொடுத்தார்கள். பின்னாளில் சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியேயின் திட்டமும் அவற்றில் ஒன்று. மையில் வரைந்த மூலத் தாளுக்குப் பதில் நகலை அனுப்பினார் என்ற விதிமீறலைக் காட்டி அதை ஒதுக்கினார்கள். கடைசியில் ஐந்து கட்டடக்கலைஞர்கள் சேர்ந்து கட்டடத்தை முடித்தார்கள். சிகாகோ டிரிபியூன் நாளிதழின் கோபுரத்துக்கு 1922இல் 263 படைப்புகள் வந்தபோது இரண்டாம் பரிசு பெற்றவர் எலியேல் சாரினென். கட்டப்பட்டது முதல் பரிசுத் திட்டம். ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்க வானளாவிகள் பல பின்பற்றியது, படிப்படியாக உள்ளொடுங்கி உயரும் அந்த இரண்டாம் பரிசு வடிவத்தை. தோற்றவரின் மகன் 35 ஆண்டுகள் கழித்துச் சிட்னியில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அமர்ந்திருந்தார்.

வென்றதெல்லாம் எழுவதில்லை என்பதும் கணக்கில் வர வேண்டும். ஹாங்காங் மலையுச்சியில் ஒரு மன்றம் அமைக்க நடந்த போட்டியில் நடுவர் அராத்தா இசோசாக்கி ஒதுக்கிய அடுக்கிலிருந்து எடுத்த படைப்பு, 1983இல் சாஹா ஹதீதுக்கு வெற்றி தந்தது. மன்றம் கட்டப்படவில்லை, அவர் பெயர் உலகறிந்தது அந்த வரைபடங்களால்தான். ஹெல்சின்கியில் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு 1,715 படைப்புகள் வந்தன. 2015இல் வெற்றியாளரை அறிவித்தார்கள். 2016 இறுதியில் நகரமன்றம் திட்டத்தையே மறுத்தது. அத்தனை அலுவலகங்களில் பெரும்பாலானவற்றின் இரவு பகல் உழைப்புக்கு ஈடு கிடையாது. திறந்த போட்டிகளின் பெரும் குறை இதுவே. எந்தப் போட்டியில் இறங்குவது என்பதை இளம் கட்டடக்கலைஞர் நடுவர்களின் பட்டியலையும் நடத்துவோரின் கட்டும் நோக்கத்தையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இத்தனை போட்டிகளிலும் நடுவர்கள் எடைபோட்டது ஒரு கேள்விக்கு ஒரு தாள் சொன்ன விடையை. அதை வரைந்தவரின் தகுதிக்கு அது அளவுகோல் ஆகாது. பரிசு கிடைக்காத பட்டதாரி அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். வென்ற தாளைத் தன் தாளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையும் ஒன்று உண்டு. தாளைச் சுவரில் ஒட்டி, திட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவரை அழைத்து, வரைந்தவர் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். இது என்ன இடம், எவருக்காக, ஏன் இப்படி என்று வந்தவர் தாமாகவே சொல்லிவிட்டால் தாளை அனுப்பலாம். சொல்ல முடியாவிட்டால் மறுபடி வரைய வேண்டும். இன்று பட்டம் பெறுவோரில் சிலர் ஒருநாள் நடுவர் நாற்காலியிலும் அமர்வார்கள். ஒதுக்கிய அடுக்கை எழுந்து போகுமுன் இன்னொரு முறை புரட்டுவதும், ஒதுக்கியதற்குக் காரணத்தை எழுதிக் கொடுப்பதும் அப்போது அவர்கள் கடமை.