பிக்கப்பைக் குனிந்து பாருங்கள்



பழைய டீசல் பிக்கப் ஒன்றை எவ்வளவு நன்றாகச் செப்பனிட்டிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், அதன் முன்னால் நின்று சாயத்தைப் பார்த்துப் பயனில்லை. குனிந்து அடியில் பார்க்க வேண்டும். இந்த வேலையின் தரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. இன்றைய உரையும் அந்த அடிப்பகுதியைப் பற்றித்தான்.

ஜொகூரில் கூலாய்க்கு வடக்கே உள்ள செடெனாக்கை உங்களில் பலர் அறிவீர்கள். நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் செம்பனைத் தோட்டங்கள், செம்பனை ஆலை. இப்போது அவற்றுக்குப் பக்கத்திலேயே செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவும் அதன் பெரிய தரவு மையங்களும் எழுந்துவிட்டன. ஆனாலும் தோட்டத்து மண் சாலைகளில் இன்னும் நம்பி ஓட்டக்கூடிய வண்டி பழைய டீசல் பிக்கப்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு, நிசான் வண்டிகளைச் சொல்கிறேன். அந்த ஹைலக்ஸில் பலவற்றில் 2எல் என்ற 2,446 சிசி எஞ்சின் இருந்தது. இசுசுவில் 4ஜேஏ1 பெயர் பெற்றது. இரண்டிலும் கணினி கிடையாது. எஞ்சின் சுழலும்போது அதோடு சேர்ந்து சுழலும் பம்புதான் டீசலை அளந்து, அழுத்திக் கொடுக்கிறது. நல்ல மெக்கானிக்கும் ஸ்பேனர் பெட்டியும் இருந்தால் தோட்டத்து வாசலிலேயே பாதிக் கோளாற்றைச் சரிசெய்துவிடலாம்.

எஞ்சின் அவ்வளவு எளிதில் சாகாது, அடியிலுள்ள இரும்புதான் முதலில் சாகும். அதிலும் தோட்டத்தில் உழைத்த பிக்கப் வெறும் மழையில் துருப்பிடித்த வண்டி இல்லை. செம்பனைக்குப் பொட்டாஷ் உரம் நிறையப் போட வேண்டும். அந்த உரம் பொட்டாசியம் குளோரைடு. இரும்பைப் பொறுத்தவரை கடல் உப்புக்கு அண்ணன் தம்பி மாதிரி. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய மணிகள் பின்பெட்டியின் மூலையில் ஒதுங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து, இடுக்கு வழியாகச் சேசிஸின் மேல் இறங்கும். பழக்குலையின் சாறும் புளிப்பானது. இவற்றோடு ஜொகூர் மழையும் சேர்ந்தால், கடற்கரையிலிருந்து எவ்வளவோ உள்ளே இருக்கும் வண்டியும் மீன்பிடித் துறையில் நின்ற வண்டி போல் ஆகிவிடும்.

எனவே செப்பனிடுபவர் முதலில் தேட வேண்டியது துருவை அல்ல, தண்ணீர் தங்கும் இடத்தை. சேசிஸ் நீள்பெட்டி வடிவில் உள்ளீடற்று இருக்கும். உள்ளே போன தண்ணீர் வடியத் தொழிற்சாலையிலேயே துளைகள் விட்டிருப்பார்கள். முப்பது வருடத்துச் சேறு அவற்றை அடைத்திருக்கும். பின்புற லீஃப் ஸ்பிரிங் தொங்கும் கொக்கிக்கு மேலே, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தைப் பாருங்கள். இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும். ஆகவே அந்த இடுக்கில் வளர்ந்த துரு இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரித்துவிடும். வெளியே சாயம் லேசாகப் புடைத்திருப்பது மட்டுந்தான் கண்ணுக்குத் தெரியும்.

கூலாய்ப் பட்டறை ஒன்றில் வயதான மெக்கானிக் ஒருவர் சிறிய சுத்தியலோடு சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போனதைப் பார்த்தேன். ணங், ணங் என்று வந்த ஓசை, பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் 'தொப்' என்று அமுங்கியது. கூட இருந்த இளைஞர், "அண்ணே, இங்க நல்லாத்தானே இருக்கு?" என்றார். பெரியவர் பதில் பேசாமல் சுத்தியலைத் திருப்பி அதன் கூர்முனையால் ஒரு குத்து விட்டார். முனை உள்ளே போய்விட்டது. ஈரமான செம்பழுப்புச் செதில்கள் கொத்தாக உதிர்ந்தன. "சாக்பீஸ் எடுத்து வட்டம் போடு தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்தைத் தட்டப் போனார்.

இதற்குப் பிறகுதான் நேர்மைக்குச் சோதனை. துருவின் மேல் ஒரு தகட்டை வைத்து ஒட்டிவிடலாம். அதன்மேல் பட்டறைகளில் சிமெண்டு என்று சொல்லும் பூச்சைத் தடவித் தேய்த்துச் சாயம் அடித்தால் யாருக்கும் தெரியாது. இதை நான் சற்றும் மன்னிக்க மாட்டேன். சுமை ஏற்றும் வண்டியின் சேசிஸில் ஒப்பேற்றும் வேலை செய்வது, அதில் ஏறுகிறவர்களின் உயிரோடு விளையாடுவது. கெட்ட இரும்பை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். பழைய தகட்டின் கனத்துக்குச் சமமான புதுத் தகட்டை வெட்டிப் பொருத்த வேண்டும். ஒரே மூச்சில் வெல்டிங் இழுக்காமல், சூட்டில் சட்டம் கோணாதபடி இங்கொன்றும் அங்கொன்றுமாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். பிறகு துத்தநாகம் கலந்த அடிச்சாயம். எல்லாம் முடிந்தபின் பெட்டியின் உட்புறத்தில் நீண்ட குழாய் விட்டு மெழுகுப் பூச்சு பீய்ச்ச வேண்டும். வடிதுளைகளைத் திறந்தே விட வேண்டும். இந்தக் கடைசி இரண்டையும் விட்டுவிட்டால், மேலே செய்ததெல்லாம் சில மழைக்காலங்களுக்குத்தான் தாங்கும்.

சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன்மேல் துரு படர்ந்திருந்தால் கிரைண்டர் பக்கமே போகக் கூடாது. கம்பிப் பிரஷ்ஷால், கையால், பொறுமையாகத் துலக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்காகப் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்குப் போகும்போது எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியின் உரிமைப் பத்திரமான கிரானோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எண் அழிந்த வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பரிசோதனையில் சிக்கல்தான்.

எஞ்சினுக்குள்ளும் இதே தண்ணீர்க் கதைதான். நம் நாட்டில் தண்ணீர் உறைவதில்லை, கூலண்ட் எதற்கு என்று பலர் காலங்காலமாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார்கள். துருவைத் தடுப்பதும் கூலண்டின் வேலை என்பதை மறந்துவிட்டார்கள். ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தால் தேயிலைச் சாயம் போலக் கொட்டும். அடைத்த ரேடியேட்டரோடு சுமை ஏற்றி மேட்டில் ஏறினால் எஞ்சின் கொதிக்கும். 2எல் எஞ்சினின் சிலிண்டர் ஹெட் அந்தச் சூட்டில் விரிசல் விடுவதற்குப் பேர்போனது. ஆகவே ஹெட்டைப் பரிசோதிக்காமல் எஞ்சினைத் திரும்பப் பூட்டுகிறவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

டீசல் டாங்கியிலும் அப்படியே. பாதி காலியாகக் கிடந்த டாங்கியில் காற்றின் ஈரம் துளிர்த்து அடியில் தண்ணீராகத் தேங்கும். டீசல் பம்புக்கு மசகெண்ணெய் வேறு கிடையாது. தன் வழியே ஓடும் டீசல்தான் அதற்கு மசகு. அங்கே தண்ணீர் போனால் பம்பு தேய்ந்து போகும், பழுதுபார்க்கும் செலவில் பெரியதும் அதுதான்.

இந்த இடத்தில் செடெனாக்குக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு சங்கதி இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நம் நாட்டில் வாகனங்களுக்கு விற்கும் டீசலில் 10 விழுக்காடு வரை செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலப்பது கட்டாயமானது. பி10 என்பது அதுதான். இந்த வண்டி ஒரு காலத்தில் சுமந்த குலையின் எண்ணெயே இன்று அதன் டாங்கிக்குள் வருகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பயோடீசல் ஈரத்தை அதிகம் ஏற்கும். பழைய டாங்கியில் படிந்த கசடைக் கரைத்து வடிகட்டியில் கொண்டுபோய் அடைக்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை மெல்ல இளக வைக்கும். டாங்கியைக் கழற்றிக் கழுவி, குழாய்களை இன்றைய எரிபொருளுக்கு ஏற்றதாக மாற்றி, முதல் சில மாதங்களுக்கு வடிகட்டியை அடிக்கடி மாற்றச் சொல்லும் பட்டறைக்காரர் காலம் அறிந்து வேலை செய்கிறவர்.

செலவு கட்டுபடியாகுமா என்று கேட்பீர்கள். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியபோது, பழைய வண்டியை வைத்திருந்த பலரும் மறுகணக்குப் போட்டார்கள். புதுப் பிக்கப்பின் மாதத் தவணையோடு ஒப்பிட்டால் செப்பனிடும் செலவு குறைவாக இருக்கலாம். அதற்குச் சேசிஸ் பெரும்பகுதி நல்லதாக இருக்க வேண்டும்.

பின்பெட்டியின் உட்புற நெளிவுகளை நான் நிமிர்த்தச் சொல்ல மாட்டேன். குலை விழுந்து விழுந்து ஏற்பட்ட பள்ளங்கள் அவை. துருவை எடுத்து, ஓட்டையை அடைத்து, சாயம் பூசினால் போதும். கண்ணாடி போல் இழைத்து வைத்த பெட்டியில் ஒரு மூட்டை உரம் ஏற்றவும் உரிமையாளருக்கு மனம் வராது. அப்புறம் அது பிக்கப் இல்லை.

ஸ்டீரிங் பெட்டி பூட்டியிருக்கும் இடத்திலேயே சேசிஸ் அரித்துப் போயிருந்தால், நல்ல கைவேலைக்காரர் முன்பணம் வாங்க மாட்டார். இதைச் செய்ய வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அந்த வண்டியின் கியர்பாக்ஸ், கதவுகள், தேறினால் எஞ்சின் ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், சேசிஸ் நன்றாக உள்ள இன்னொரு வண்டியைத் தேடுங்கள் என்பார். லாயாங் லாயாங்கிலோ சிம்பாங் ரெங்கத்திலோ ஏதாவது ஒரு கொட்டகைக்குப் பின்னால் அப்படி ஒன்று நிற்கத்தான் செய்யும். போகும்போது சுத்தியலை எடுத்துக்கொண்டு போங்கள்.