கொரோனாக் காய்ச்சலும் ஈரலும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கொரோனா என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது நுரையீரல். மூச்சுத் திணறல், ஒட்சிசன், முகக்கவசம் என்று வேண்டிய மட்டும் கேட்டாயிற்று. இலங்கையில் 16,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்த நோயிலே ஈரலுக்கு என்ன நேர்ந்தது என்று நம்மிற் பலர் கேட்டதில்லை. நோய்தான் அடங்கிவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று முன்வரிசைப் பெரியவர்கள் நினைக்கலாம். நோய் அடங்கியும் அடங்காத சில பழக்கங்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் பேசுகிறோம்.

நாம் உட்கொள்ளும் எதுவும் குடலிலிருந்து இரத்தத்திற் கலந்ததும் முதலிற் போய்ச் சேருமிடம் ஈரல். நமது துறைமுகத்தில் இறங்கும் சரக்கு சுங்கத்தைக் கடந்தே ஊருக்குள் வருவது போல. சோறும் அவ்வழியே போகிறது, குளிசையும் போகிறது, சாராயமும் போகிறது, ஆச்சி காய்ச்சிய கசாயமும் போகிறது. நோவென்று சொல்லாமலே அது நெடுங்காலம் உழைக்கும். கண் மஞ்சளித்த பிறகுதான் நாம் திரும்பிப் பார்க்கிறோம்.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சீன வைத்தியர்கள் இதைக் கவனித்தார்கள். ஆசுபத்திரியிற் படுத்த கொரோனா நோயாளரிலே, ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டு, நூற்றுக்கு 14 முதல் 53 பேர் வரை இரத்தத்தில் ஈரல் நொதியங்கள் கூடியிருந்தன. பெரும்பாலோருக்கு அந்த ஏற்றம் சிறியது. நோய் தணிய அதுவும் தணிந்தது. காரணம் ஒன்றல்ல. ஒட்சிசன் குறைந்தால் ஈரல் வாடும். உடலெங்கும் எழும் அழற்சி அதையும் தாக்கும். ரெம்டெசிவிர் போன்ற மருந்துகளும் நொதியத்தை ஏற்றுவதுண்டு. அதனாலேயே அம்மருந்தைக் கொடுக்குமுன் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள்.

முன்னரே ஈரல் பழுதுபட்டவர் கதை வேறு. 29 நாடுகளிலிருந்து திரட்டி 2021இல் வெளிவந்த கணக்கொன்று உண்டு. நாட்பட்ட ஈரல் நோயுள்ள 745 கொரோனா நோயாளர் அதில் அடங்குவர். ஈரல் இறுகிப்போனவர்களில் நூற்றுக்கு 32 பேர் இறந்தனர். இறுகாதவர்களில் 8 பேர். குடிகாரருக்குத்தான் இந்த நோய் என்று எண்ணிவிட வேண்டாம். ராகமையில் நடந்த, 2009இல் வெளியான ஆய்விலே, குடியைச் சொல்லமுடியாத வளர்ந்தவர்களில் மூவருக்கு ஒருவர் அளவில் ஈரலிற் கொழுப்புப் படிந்திருந்தது. சீனி வியாதியும் தொந்தியும் உள்ள பலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறோம். சிரிக்க வேண்டாம், உண்மைதான்.

அடுத்தது பனடோல். காய்ச்சலுக்கு நல்ல மருந்துதான். ஆனால் வளர்ந்தவர் ஒருவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளிசை எட்டுக்கு மேல் விழுங்கலாகாது. மெலிந்தவரும் குடிப்பவரும் அதிலுங் குறைவாகவே எடுக்கவேண்டும். அம்மருந்தின் ஒரு சிறு பங்கு ஈரலிலே நஞ்சாக மாறுகிறது. அந்த நஞ்சை முறிக்கும் பொருளும் ஈரலிலேயே உண்டு. பட்டினியாலும் குடியாலும் அது குறைந்துபோகும். காய்ச்சற்காரர் சாப்பிடாமற் கிடப்பவர் அல்லவா? தடிமனுக்கென்று விற்கும் குளிசைகள் பலவற்றிலும் இதே மருந்து இருப்பதால், இரண்டு பெட்டியிலிருந்தும் எடுப்பவர் தம்மை அறியாமலே இரட்டிப்பாக எடுக்கிறார். 2017இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை நாம் மறக்கவில்லை. டெங்குவும் ஈரலைத் தொடும் நோயே. அங்கும் இந்தக் கணக்கே செல்லும்.

இனிக் கசாயத்துக்கு வருவோம். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிப்பதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் தொற்றுக் காலத்தில் இந்தியாவெங்கும் சீந்திலை நாள்தோறும் அருந்தும் வழக்கம் பரவியது. 2021இல் மும்பை வைத்தியர்கள், சீந்தில் அருந்தி ஈரல் அழற்சி கண்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டிலே 13 வைத்திய நிலையங்கள் சேர்ந்து 43 பேரைப் பற்றி எழுதின. ஆயுஷ் அமைச்சு இதை மறுத்தது; அதே இனத்து வேறு கொடியைத் தவறாகக் கொண்டிருக்கலாம் என்றது. அப்படியே வைத்துக்கொண்டாலும், கடையில் வாங்கும் தூளிலே எந்தக் கொடி இருக்கிறது என்பதை நம் வீட்டில் யார் கண்டார்? 2020 டிசம்பரிலே கேகாலையில் ஒருவர் கொடுத்த பாணிக்கு எத்தனை ஆயிரம் பேர் முண்டியடித்தார்கள்! அந்நாளைய சுகாதார அமைச்சரும் அதை அருந்தினார். அடுத்த மாதமே அவருக்கும் கொரோனா கண்டது. தேனும் சாதிக்காயும் கலந்த அந்தப் பாணி ஈரலைக் கெடுத்தது என்று நாம் சொல்லவில்லை. கூட்டம் ஓடிய வேகத்தைத்தான் சொல்கிறோம்.

சித்த வைத்தியத்தையும் இங்கிலீசு வைத்தியத்தையும் மோதவிடுவது எமது நோக்கமன்று. நல்ல பரியாரியார் நாடி பார்த்து, அளவு சொல்லி, பத்தியம் சொல்லித்தான் மருந்து கொடுப்பார். கெடுதி வருவது ஒளிப்பதால். "வீட்டில் ஏதும் குடித்தீர்களா?" என்று வைத்தியர் கேட்க, "ஒன்றுமில்லை ஐயா" என்பார் நோயாளி, கட்டிலுக்கடியிலே போத்தல் இருக்கும். நொதியம் ஏறுவது நோயாலா, ஆசுபத்திரி மருந்தாலா, கசாயத்தாலா என்று அறியாமல், தேவையான மருந்தையே வைத்தியர் நிறுத்த நேரலாம்.

சாராயக் கதையும் அப்படியே. துறைமுகத்தில் வேலை செய்யும் பிள்ளை, தகப்பன் பக்கத்தில் நிற்க, "நான் குடிப்பதுண்டு" என்று எப்படிச் சொல்வான்? ஆதலாற் பெரியோர்களே, வைத்தியர் அந்தக் கேள்வியைத் தொடங்கும்போது நீங்கள் சற்று வெளியே போய் நில்லுங்கள். வாலிபர்களே, நீங்கள் வீட்டுப் பெரியவர்கள் எடுக்கும் குளிசை, தூள், இலேகியம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அவர்களின் கிளினிக் கொப்பிக்குள் இன்றிரவே வைத்துவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் போத்தலையே கையோடு கொண்டுபோகலாம்.